நிலவில் பதியாத சிங்கம்

மழை விட்டு இரண்டு நாள் ஆன ஒரு காலையில், முகையூர்ப் பக்கம் ஒரு வயல் வரப்பில் நின்றுகொண்டிருந்தேன். முந்தின நாள் உழுதுவிட்டுப் போன டிராக்டரின் தடம் வரப்பை ஒட்டி நீண்டு கிடந்தது. பின்சக்கரத்தின் பட்டன் ஒவ்வொன்றும் வார்ப்பு எடுத்தாற்போல மண்ணில் பதிந்திருந்தது. ஒன்றன்பின் ஒன்றாக அம்புத்தலைகள். ஓரம் உடையவில்லை, விளிம்பு சரியவில்லை. பத்தடி தள்ளி மேட்டில் ஏறிய இடத்திலும் அதே சக்கரம்தான் அதே எடையோடு உருண்டிருக்கிறது. அங்கே வெறும் பள்ளம் இருந்தது, அம்பைக் காணோம்.

டிராக்டர் ஓட்டுபவர் டீ குடிக்க வந்தபோது இதைப் பற்றிக் கேட்டேன்.

"பதம் இருந்தா பட்டன் அப்படியே நிக்கும் சார். புழுதியில ஓட்டுனா சரிஞ்சி மூடிக்கும். கட்டி மண்ணுல ஓட்டுனா நொறுங்கிடும். டயரப் பாத்து என்ன பண்றது, மண்ணப் பாருங்க."

அவர் சொன்ன அந்தக் கடைசி வாக்கியம்தான் இந்த அத்தியாயத்தின் சாரம். முகையூர் மண்ணுக்குச் சொன்ன அந்தச் சொல், சுமார் 3,84,000 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இன்னொரு மண்ணுக்கும் அப்படியே பொருந்துகிறது.

சக்கரத்தில் ஒரு முத்திரை

2023 ஆகஸ்ட் 23, மாலை 6.04. சந்திரயான் 3 திட்டத்தின் விக்ரம் தரையிறங்கி, நிலவின் தென்பாதியில் ஏறத்தாழ 69 டிகிரி அட்சரேகையில் கால் ஊன்றியது. அந்தத் திட்டத்தின் இயக்குநர் ப. வீரமுத்துவேல், விழுப்புரத்துக்காரர். தந்தை ரயில்வேயில் பணியாற்றியவர். விழுப்புரத்து ரயில்வே பள்ளியில் படித்து, பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து, பொறியியல் கற்று, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்று, இஸ்ரோவுக்குப் போனவர். அன்றிரவு விழுப்புரம் மாவட்டமே அவரைத் தன் வீட்டுப் பிள்ளையாகக் கொண்டாடியது.

தரையிறங்கிச் சில மணி நேரம் கழித்து, விக்ரமின் சாய்தளம் வழியாக பிரக்யான் என்ற ஆறு சக்கர ஊர்தி மெல்ல இறங்கியது. எடை 26 கிலோ. வேகம் நொடிக்கு ஒரு சென்டிமீட்டர். அதன் பின்சக்கரங்களில் ஒரு பக்கம் நம் தேசியச் சின்னமான அசோகச் சிங்கமும், மறுபக்கம் இஸ்ரோவின் இலச்சினையும் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருந்தன. சக்கரம் ஒவ்வொரு முறை சுற்றும்போதும் அவை முத்திரை குத்துவதுபோல மண்ணில் பதிய வேண்டும் என்பது ஏற்பாடு. பின்சக்கரம் என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. முன்சக்கரத்தில் செதுக்கியிருந்தால் அதன் தடத்தைப் பின்னால் வரும் சக்கரம் மிதித்து அழித்துவிடும். கடைசியாகக் கடந்து போகிற சக்கரத்தின் தடம்தான் நிலைக்கும்.

மறுநாள் காலைக்குள் பலருடைய கைப்பேசிக்கும் ஒரு படம் வந்து சேர்ந்தது. சாம்பல் நிற மண்ணில் சிங்கமும் இலச்சினையும் பளிச்சென்று பதிந்த படம். பார்த்தவர்கள் நெகிழ்ந்தார்கள், பகிர்ந்தார்கள். அது நிலவிலிருந்து வந்த படம் அன்று. தரையிறங்கும் நாளை எதிர்நோக்கி ஓர் ஓவியர் ஆர்வத்தோடு செய்த கற்பனை. உண்மையில் நிலவிலிருந்து வந்த படங்களில் சக்கரத்தின் தடம் இருந்தது. சிங்கம் மட்டும் தெளிவாகப் பதியவில்லை.

சின்னம் பதியவில்லை என்றால் ஏமாற்றமாகத்தானே இருக்கும்? எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. அந்தப் பதியாமையில் எவ்வளவு பெரிய செய்தி இருக்கிறது என்பது பிறகுதான் புரிந்தது. அதைச் சொல்வதற்கு முன், விண்வெளியில் குறி வைப்பது என்றால் என்ன என்று கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

வெளுக்காத காவி, வெளுக்கும் கொடி

விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை போகிற வழியில் கீழ்வாலை என்று ஓர் ஊர். அங்கே உள்ள பாறைகளில் பழங்கால மனிதர்கள் செங்காவியால் வரைந்த உருவங்கள் இருக்கின்றன. பறவை முகம் போன்ற தலையோடு மனிதர்கள், விலங்கின் மேல் அமர்ந்த ஒருவர், பொருள் விளங்காத சில குறிகள். எத்தனையோ தலைமுறை வெயிலும் மழையும் கண்ட பாறை. வரைந்தவர் பேசிய மொழி எதுவென்று தெரியாது, வரைந்த கோடு இன்னும் சிவப்பாக இருக்கிறது.

அது எப்படி நிலைத்தது? காவி என்பது இரும்பு ஆக்சைடு, அதாவது ஏற்கெனவே முற்றிலும் துருப்பிடித்த இரும்பு. அதற்குமேல் காற்று அதைக் கெடுக்க வழியில்லை. வெயிலில் உள்ள புறஊதாக் கதிராலும் அந்தக் கனிமத்தின் பிணைப்பை எளிதில் உடைக்க முடியாது. துணிச் சாயத்தின் கதை வேறு. அதன் நிறம் நீளமான கரிம மூலக்கூறுகளில் இருக்கிறது. புறஊதாக் கதிர் பட்டுப்பட்டு அந்த மூலக்கூறுகள் அறுபடும்போது நிறமும் போய்விடுகிறது. மொட்டைமாடிக் கொடியில் ஒரு கோடைக்காலம் முழுக்கக் காய்ந்த சேலைக்கு நடப்பது இதுதான்.

நிலவில் இந்த வெளுப்பு பலமடங்கு கடுமை. அங்கே காற்றுமண்டலம் இல்லை, ஓசோன் படலம் இல்லை. சூரியனின் புறஊதாக் கதிர் வடிகட்டப்படாமல் அப்படியே இறங்குகிறது. 1969 முதல் 1972 வரை அப்பல்லோ பயணங்களில் அமெரிக்கர்கள் நட்ட கொடிகள் நைலான் துணி. காற்று இல்லாத இடத்தில் கொடி தொங்கிவிடுமே என்று மேல் விளிம்பில் குறுக்குக்கம்பி ஒன்று கோத்து, விரிந்து நிற்கும்படி செய்தார்கள். அப்பல்லோ 11 கிளம்பியபோது இயந்திரத்தின் வாயு வீச்சில் தங்கள் கொடி சாய்ந்துவிட்டதாக அதில் போன வீரர் ஆல்ட்ரின் பின்னாளில் சொன்னார். 2012இல் நிலவைச் சுற்றும் எல்.ஆர்.ஓ. விண்கலத்தின் படங்களை ஆராய்ந்தபோது அப்பல்லோ 12, 16, 17 இறங்கிய இடங்களில் கொடிகளின் நிழல் தெரிந்தது. கொடி நிற்கிறது. ஆனால் அதில் சிவப்பும் நீலமும் மிஞ்சியிருக்காது, வெளுத்துப்போயிருக்கும் என்பதே அறிவியலாளர்கள் பலரின் கணிப்பு.

2024 ஜூனில் நிலவின் மறுபக்கத்தில் இறங்கிய சீனாவின் சாங்-இ 6 விரித்த கொடி, பசால்ட் என்னும் எரிமலைப் பாறையை உருக்கி இழையாக்கி நெய்தது. கல்லில் நெய்த கொடி! கீழ்வாலையில் கனிமத்தைக் குழைத்து வரைந்தவருக்கும், பாறையை நூலாக்கிய பொறியாளருக்கும் இடையே எத்தனையோ ஆயிரம் ஆண்டுகள். வெயிலுக்குத் தாங்குகிற பொருளில் குறி வை என்ற அறிவு இருவருக்கும் ஒன்றுதான்.

நம் ஊர்ச் சலவைத் தொழிலாளர்களும் இதை அறிந்தவர்கள். எந்தத் துணி எந்த வீட்டுடையது என்று தெரிய, சேங்கொட்டைச் சாற்றால் ஓரத்தில் ஒரு சிறு குறி இடுவார்கள். வெள்ளாவியில் வைத்தாலும், கல்லில் அடித்தாலும் அது போகாது. குறியின் அழகைவிட அதன் ஆயுள் முக்கியம். விண்வெளி வடிவமைப்பின் முதல் பாடம் சேங்கொட்டைக் குறியில் இருக்கிறது.

பெயிண்டுக்கும் எடை உண்டு

இரண்டாவது பாடம், எடை. ராக்கெட்டில் போகிற ஒவ்வொரு கிராமுக்கும் எரிபொருள் தேவை. வீட்டுச் சுவருக்கு இன்னொரு பூச்சு அடித்தால் பணம் மட்டும்தான் செலவு. ராக்கெட்டுக்கு இன்னொரு பூச்சு அடித்தால் அந்த அளவுக்குச் சுமை ஏற்ற முடியாமல் போகும்.

அமெரிக்க விண்வெளி ஓடத்தின் பெரிய எரிபொருள் தொட்டி பழைய படங்களில் வெள்ளையாகவும், பிந்தைய படங்களில் செம்பழுப்பாகவும் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். 1981இல் பறந்த முதல் இரண்டு பயணங்களில் வெள்ளை பெயிண்ட் அடித்திருந்தார்கள். பிறகு, பெயிண்ட் இல்லாமலே தொட்டி தாங்கும் என்று தெரிந்ததும் விட்டுவிட்டார்கள். மிச்சமான எடை சுமார் 272 கிலோ. நாம் பார்த்த அந்தச் செம்பழுப்பு, தொட்டியைக் குளிராக வைத்திருக்கும் நுரைப்பூச்சின் சொந்த நிறம். யாரும் தேர்ந்தெடுக்காத நிறமே அந்த ஓடத்தின் அடையாளமாக உலகத்தின் மனத்தில் பதிந்துவிட்டது.

நம் விண்கலங்களின் பொன்னிறமும் அப்படித்தான். சந்திரயான் என்றதும் தங்கத்தகடு போர்த்திய பெட்டி ஒன்று கண்முன் வருகிறது. அது தங்கம் இல்லை. பாலிஇமைடு என்ற பிளாஸ்டிக் படலத்தின் உட்புறத்தில் அலுமினியம் மெல்லியதாகப் படியவைக்கப்பட்டிருக்கும். அந்தப் படலத்தின் இயல்பு நிறம் கோமேதகம்போல மஞ்சள் கலந்த பழுப்பு. உள்ளே புகுந்த வெளிச்சம் அலுமினியத்தில் பட்டுத் திரும்பும்போது பொன்னாக மின்னுகிறது. இப்படிப் பல படலங்களை இடைவெளிவிட்டு அடுக்கிப் போர்வையாக்கினால், வெயில் பக்கத்து வெப்பம் உள்ளே போகாது, நிழல் பக்கத்துக் குளிரும் கருவிகளைத் தாக்காது. கம்பளிப் போர்வை செய்கிற வேலையை வெற்றிடத்தில் செய்ய வந்தது அந்தப் பொன். பார்த்தவர் மனத்தில் அதுவே இந்திய விண்கலத்தின் முகமாகிவிட்டது.

இன்னும் பின்னோக்கிப் போனால், இந்திய விண்வெளித் திட்டத்தின் மிகப் புகழ்பெற்ற படம் ஒரு மாட்டுவண்டிப் படம். ஆப்பிள் என்ற தகவல்தொடர்புச் செயற்கைக்கோள் 1981இல் ஏவப்பட்டது. அதன் ஆன்டெனாவைச் சோதிக்கும்போது அருகில் உலோகம் இருந்தால் அலைகள் குழம்பும். உலோகத்தால் ஆன லாரி உதவாது. மரவண்டி உதவும். அதனால் செயற்கைக்கோளை மாட்டுவண்டியில் ஏற்றித் திறந்தவெளியில் நிறுத்தினார்கள். அதை ஏழ்மையின் படம் என்று பலர் படித்தார்கள். அது மின்காந்த அலைகளின் இயல்பறிந்து எடுத்த முடிவின் படம். வடிவம் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் படத்தைப் படித்தால் பொருளே மாறிவிடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

வேலை பார்க்கும் கோலங்கள்

மூன்றாவது பாடம்: விண்வெளியில் ஒரு கோலம் போட்டால் அது வேலையும் பார்க்க வேண்டும்.

அப்பல்லோ வீரர்களை ஏற்றிச்சென்ற சாட்டர்ன் 5 ராக்கெட்டின் உடம்பில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டங்கள் இருக்கும். ஒரே வெள்ளையாக இருக்கும் உருளை தன் அச்சில் சுழன்றால் தூரத்துக் கேமராவுக்குத் தெரியாது. பம்பரத்தில் ஒரு கோடு கிழித்துவிட்டால் அது சுற்றுவது தெரிகிறதல்லவா, அதே உத்திதான். இரண்டாம் உலகப்போர்க் கால ஜெர்மன் வி-2 சோதனை ராக்கெட்டுகளிலிருந்தே இந்தப் பழக்கம் உண்டு.

2021 பிப்ரவரி 18 அன்று பெர்சிவரன்ஸ் ஊர்தி செவ்வாயில் இறங்கியபோது 21.5 மீட்டர் அகலப் பாராசூட் விரிந்தது. அதில் ஆரஞ்சும் வெள்ளையும் ஒழுங்கில்லாமல் மாறிமாறி வந்தன. பாராசூட் எப்படி விரிகிறது, எந்தப் பக்கம் முறுக்கிக்கொள்கிறது என்று வீடியோவில் அடையாளம் காண, ஒவ்வொரு பகுதியும் மற்றதிலிருந்து வேறுபட வேண்டும். அந்தத் தேவையையே வாய்ப்பாக்கி, 0, 1 என்ற இரும எண்களில் ஒரு வாசகத்தை அந்த நிறங்களுக்குள் பொதிந்துவிட்டார்கள். துணிந்து பெரிய காரியங்களைச் செய் என்று பொருள்படும் வாசகம் அது. இணையத்தில் ஆர்வலர்கள் அதைச் சில மணி நேரத்தில் கண்டுபிடித்தார்கள்.

கேமராவுக்கு நிறம் கற்பிக்கவும் கோலம் வேண்டும். செவ்வாயின் தூசிபடிந்த ஒளியில் எது உண்மையான சிவப்பு என்று எப்படிச் சொல்வது? பூமியில் அளந்து வைத்த நிறத்துண்டுகளைக் கூடவே அனுப்பி, அங்கே படம் எடுத்து ஒப்பிட வேண்டும். 2004இல் இறங்கிய ஸ்பிரிட், ஆப்பர்சூனிட்டி ஊர்திகளில் அந்தத் துண்டுகளைச் சூரியக் கடிகாரம்போல அமைத்தார்கள். நடுக்குச்சியின் நிழல் வெளிச்சத்தை அளக்கும், மூலைகளில் உள்ள நிறங்கள் கேமராவைத் திருத்தும். 2003இல் போன பிரிட்டனின் பீகிள் 2, ஓவியர் டேமியன் ஹர்ஸ்ட் செய்த வண்ணப்புள்ளி ஓவியத்தையே இந்த வேலைக்கு எடுத்துச் சென்றது. தரையிறங்கிய பின் அது பேசவே இல்லை. 2015இல்தான் அது செவ்வாயில் முழுசாக இறங்கியிருந்தது என்று சுற்றுக்கலப் படங்களில் தெரிந்தது.

பிரக்யானுக்கு மிக நெருங்கிய உறவு கியூரியாசிட்டி. 2012 முதல் செவ்வாயில் உருளும் அந்த ஊர்தியின் சக்கரங்களில் நீளமும் குட்டையுமாகத் துளைகள் இருக்கின்றன. மோர்ஸ் குறியில் அவை ஜே, பி, எல் என்ற மூன்று எழுத்துகள், அதாவது அதைச் செய்த ஆய்வகத்தின் பெயர்ச்சுருக்கம். ஆனால் அவை இருப்பது பெயருக்காக மட்டும் அன்று. சக்கரத்தின் விட்டம் 50 சென்டிமீட்டர். வழுக்காமல் ஒரு சுற்றுச் சுற்றினால் ஏறத்தாழ 157 சென்டிமீட்டர் நகர வேண்டும். பின்னால் திரும்பிப் பார்க்கும் கேமரா, மணலில் அந்தக் குறி எத்தனை இடைவெளியில் விழுந்திருக்கிறது என்று பார்க்கும். 157க்குப் பதில் 120 என்றால் சக்கரம் மணலில் சுற்றிக்கொண்டே நழுவியிருக்கிறது என்று பொருள். செவ்வாயில் வழிகாட்டும் செயற்கைக்கோள் வலையமைப்பு கிடையாது. தன் பெயரை எழுதிக்கொண்டே போகிற சக்கரம், போன தூரத்தையும் எழுதிவிடுகிறது.

அம்பு யாருக்குப் புரியும்?

சரி, குறி நிலைத்துவிட்டது, வேலையும் பார்க்கிறது. அதைப் படிக்கப்போவது யார்?

1972இல் கிளம்பிய பயனியர் 10 விண்கலத்தில், சூரிய மண்டலத்தைத் தாண்டிப்போகும் ஒரு தகடு பொருத்தப்பட்டது. கார்ல் சேகனும் ஃபிராங்க் டிரேக்கும் திட்டமிட்டு, லிண்டா சேகன் வரைந்தது. ஆண், பெண் உருவங்கள், ஹைட்ரஜன் அணுவின் ஒரு மாற்றத்தை அளவுகோலாகக் காட்டும் குறி, 14 துடிவிண்மீன்களை வைத்து சூரியன் இருக்கும் இடத்தைச் சொல்லும் கோடுகள். கீழே, விண்கலம் எந்தக் கோளிலிருந்து கிளம்பியது என்று காட்ட ஓர் அம்பு.

அந்த அம்பைப் பார்த்துக் கலை வரலாற்றாசிரியர் எர்ன்ஸ்ட் கோம்ப்ரிச் ஒரு கேள்வி எழுப்பினார். அம்பு திசையைக் காட்டும் என்று நமக்குத் தெரிவது நம் முன்னோர் வில்லும் அம்பும் பிடித்தவர்கள் என்பதால். வேட்டையே அறியாத ஓர் உயிரினத்துக்கு அந்தக் கோடு என்ன சொல்லும்? எல்லாருக்கும் பொது என்று நாம் நினைக்கிற குறிக்கும் ஓர் ஊர் உண்டு என்பதை அந்தக் கேள்வி காட்டிக்கொடுத்தது. கீழ்வாலைக் குறிகளை நாம் படிக்க முடியாததும் இதனால்தான். கோடு பிழைத்தது, கோட்டுக்குப் பின்னால் இருந்த வாழ்க்கை போய்விட்டது.

நம் இஸ்ரோவின் இலச்சினையும் ஓர் அம்புதான். மேல்நோக்கிப் பாயும் ஆரஞ்சு அம்பு, அதன் இருபுறமும் செயற்கைக்கோளின் சூரியத் தகடுகளைப்போல நீலச் சிறகுகள். சில கோடுகள்தான், ஆனால் தொலைவிலிருந்தும் தெரியும், சின்னதாக அச்சடித்தாலும் குழம்பாது. நாசாவின் கதை இதை இன்னும் விளக்கும். நாசாவுக்கு 1959இல் ஜேம்ஸ் மோடரெல்லி வரைந்தது கோள், விண்மீன்கள், சுற்றுப்பாதை எல்லாம் நிறைந்த நீல வட்டம். 1975இல் ரிச்சர்ட் டானும் பிரூஸ் பிளாக்பர்னும் நான்கு எழுத்துகளை மட்டும் வளைந்த சிவப்புக் கோடுகளாக்கித் தந்தார்கள். 1992இல் அதை விலக்கிப் பழைய வட்டத்துக்கே திரும்பினார்கள். 2020இல் மனிதர்களை ஏற்றிச்சென்ற ராக்கெட் ஒன்றில் அந்தச் சிவப்புக் கோடுகள் மறுபடி வந்தன. விவரம் நிறைந்தது உணர்ச்சியைத் தொடுகிறது, கோடு குறைந்தது தொலைவைத் தாண்டுகிறது. இரண்டுக்கும் இடம் உண்டு. எதை எங்கே பதிக்கிறோம் என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்வி நம்மைப் பிரக்யானின் பின்சக்கரத்துக்குத் திரும்பக் கூட்டிவருகிறது.

புழுதியா, கட்டியா?

நிலவுக்குப் போகும் முன் ஊர்தியை நிலவு மண்ணில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அந்த மண்ணுக்கு எங்கே போவது? விடை நாமக்கல் மாவட்டத்தில் இருந்தது. சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதியில் கிடைக்கும் அனார்த்தசைட் என்ற வெளிர்நிறப் பாறை, நிலவின் மேட்டுநிலங்களில் உள்ள பாறைக்கு நெருங்கிய உறவு. அதை நிலவு மண்ணின் அளவுக்குப் பொடித்துச் செயற்கை நிலவுமண் ஆக்கினார்கள். சேலம் பெரியார் பல்கலைக்கழகமும் திருச்சி என்.ஐ.டி.யும் இந்த ஆய்வில் இஸ்ரோவோடு கைகோத்தன. செய்முறைக்கு 2020இல் காப்புரிமையும் கிடைத்தது. பிறகு பிரக்யான் கண்டறிந்த மண்ணின் வேதியியல் அந்த அனார்த்தசைட் வகையோடு ஒத்துப்போனது. நாமக்கல் பாறையைத் தேர்ந்தெடுத்தவர்களின் கணக்கு சரியாக இருந்தது.

பெங்களூருவில் அந்த மண்ணில் சக்கரத்தை உருட்டிப் பார்த்தபோது சின்னங்கள் நன்றாகவே பதிந்தன. நிலவிலும் பதியும் என்று நம்பக் காரணமும் இருந்தது. அப்பல்லோ வீரரின் காலணித் தடம் பதிந்த அந்தப் புகழ்பெற்ற படம் நினைவிருக்கும். விளிம்பு கத்தியால் வெட்டினாற்போல நிற்கும். நம் ஆற்று மணல் நீரில் உருண்டு உருண்டு மழுங்கியது. காய்ந்தால் தடம் சரிந்துவிடும். நிலவில் உருட்டும் நீரும் இல்லை, காற்றும் இல்லை. விண்கற்கள் மோதி உடைத்த துகள்கள் கண்ணாடிச் சில்லுபோல முனை மழுங்காமல் கிடக்கின்றன. அழுத்தினால் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். ஈரம் இல்லாமலே பதம் உள்ள மண் அது.

ஆனால் தென்துருவத்தை நோக்கிய அந்த இடத்தில் மண் வேறு மாதிரி இருந்தது. 2023 வரை இஸ்ரோ எதிர்பார்த்த நுண்தூசிப் பரப்பு அங்கே இல்லை. மண் கட்டிகட்டியாக இருந்தது என்றும், ஏதோ ஒன்று அதைப் பிணைத்து வைத்திருக்கிறது, அது எது என்று ஆராய வேண்டும் என்றும் அப்போதைய இஸ்ரோ தலைவர் சோமநாத் விளக்கினார். சின்னம் தெளிவாகப் பதியாததே ஒரு புதிய புரிதலைத் தந்துவிட்டது என்பது அவர் சொன்னதன் சாரம்.

இதை ஒரு கணக்கோடு பார்க்கலாம். 26 கிலோ ஊர்தி, ஆறு சக்கரம். ஒரு சக்கரத்தின் மேல் சுமார் 4.3 கிலோ. நிலவின் ஈர்ப்பு பூமியின் ஈர்ப்பில் ஆறில் ஒரு பங்கு. ஆக, ஒரு சக்கரம் மண்ணை அழுத்துவது நம் கணக்கில் ஏறத்தாழ 720 கிராம். முக்கால் கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைக் கட்டி மண்ணின் மேல் வைத்தால் கட்டி உடையுமா? உடையாது. மாவாக இருந்திருந்தால் அந்த எடையே முத்திரை குத்தப் போதும்.

இன்னொன்று நுணுக்கம். கோலமாவு நைசாக இருந்தால் இழைக்கோலம் போடலாம். மாவு கொரகொரப்பாக இருந்தால் கோடு திரண்டு நிற்கும், மெல்லிய இழை வராது. மண்கட்டியைவிடச் சின்னதான கோடு அந்த மண்ணில் நிற்க வழியில்லை. பிடரிமயிரும் முகமுமாக நுட்பமாகச் செதுக்கிய சிங்கம், மண்ணிடமிருந்து மிக நைசான பதத்தைக் கேட்கிற வடிவம். அதனாலேயே மண் நைசானதா கட்டியானதா என்று சோதிக்க அது மிக நல்ல கருவியாகிவிட்டது.

பார்ப்பதற்கு வெளிச்சமும் சாதகமாகத்தான் இருந்தது. 69 டிகிரி அட்சரேகையில் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 20 டிகிரிக்கு மேல் அவ்வளவாக ஏறுவதில்லை. நாள் முழுவதும் சாய்வெயில். முகையூருக்கு அடுத்த திருக்கோவிலூரில் வீரட்டானேசுவரர் கோயில் கல்வெட்டுகளைப் பார்க்கப் போனவர்களுக்கு இது தெரியும். உச்சிவெயிலில் வெறும் கல்லாக இருக்கும் சுவர், சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும்போது எழுத்துகளாக விழித்தெழும். மெல்லிய பள்ளத்துக்கும் நிழல் விழுந்து கோடு துலங்கும். நிலவில் அந்தச் சாய்வெயில் பத்துப் பதினான்கு பூமி நாள்கள் இருந்தும் சிங்கம் துலங்கவில்லை. ஆகவே குறை வெளிச்சத்தில் இல்லை, மண்ணின் தன்மையில் இருக்கிறது என்று துணிந்து சொல்ல முடிகிறது.

மண்ணைப் பிணைப்பது எது என்ற கேள்வி சும்மா கேட்கிற கேள்வி இல்லை. நாளை அங்கே மனிதர்கள் இறங்கினால் அவர்களின் கலம் கால் ஊன்றுவது அந்த மண்ணில். சாலை போடுவதும் சுவர் எழுப்புவதும் அந்த மண்ணால். விக்ரமிலிருந்து மண்ணுக்குள் இறங்கிய வெப்பமானி, வெயிலில் சுடும் மேற்பரப்புக்கு எட்டு சென்டிமீட்டர் கீழே வெப்பநிலை மைனஸ் 10 டிகிரியாக இருப்பதைக் காட்டியது. அவ்வளவு நன்றாக வெப்பத்தைத் தடுக்கிற மண் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது, எப்படிப் பிணைந்திருக்கிறது என்பதை அறிய நமக்குக் கிடைத்த துப்புகளில் ஒன்று, 101.4 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் அந்தத் தெளிவில்லாத தடம்.

நிலவில் காற்றில்லை, மழையில்லை. நுண்விண்கற்கள் மெல்ல மெல்லத் தேய்க்கும் வரை, மனிதர் காலத்துக்கு மிக நீண்ட காலம் அந்தத் தடம் அங்கேயே இருக்கும். கைப்பேசியில் வந்த அந்த ஓவியத்தைவிட, சிங்கம் தெரியாத அந்தச் சாம்பல் நிறத் தடமே எனக்கு அருமையாகப் படுகிறது. ஓவியம் நாம் விரும்பியதை நமக்கே திருப்பிச் சொன்னது. தடம், நமக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னது. விழுப்புரத்துப் பிள்ளை ஒருவர் தலைமையில் அனுப்பிய முத்திரையை நிலவு தெளிவாக ஏற்கவில்லை. பதிலுக்குத் தன் மண்ணின் பதம் என்ன என்று சொல்லி அனுப்பியது.

முகையூர் வரப்பில் அந்த டிராக்டர் தடத்தை இன்னொரு முறை குனிந்து பார்த்தேன். வெயில் ஏறியிருந்தது. அம்புத்தலைகளின் விளிம்பு காய்ந்து, பொலபொலவென்று உதிரத் தொடங்கியிருந்தது. சக்கரம் போய் ஒரு நாள் ஆகிவிட்டது. மண் இன்னும் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது.